மூணு தண்ணி

நாகலூர்
3.2.2024

மாமாவுக்கு, மேகலா எழுதறேன்.

குடகு எஸ்டேட்டுல டவர் கெடைக்கலையாட்ட இருக்குது, அதான் லெட்டர். நம்ம புள்ள பானுவுக்குக் கண்ணு ரெப்பை வீங்கி, வெரல் முட்டியெல்லாம் செவப்பாத் தடிச்சிருக்குதுங்க. கழுத்துலயும் ஒரு நெறி கட்டியிருக்குது. எட்டு வயசுப் புள்ள, பஸ் படி ஏற முடியாம ரோட்டுலயே உக்காந்துக்கறா. ஏற்காட்டு டாக்டர் சேலத்துக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்றாருங்க. ஒரு எட்டு வந்துட்டுப் போங்க.

மேகலா

குடகு
12.2.2024

மேகலாவுக்கு,

அம்மன் எறங்கியிருக்குது. இது கூடத் தெரியாதா உனக்கு? ஊசி கீசி போட்டுத் தொலைக்காத. வேப்பந்தழைல படுக்க வெச்சு அம்மைக்கு ஊத்தற மூணு தண்ணியும் ஊத்து. நெறி தானா வத்திரும். இங்க காப்பிப்பழம் பறிக்கற நேரம், லீவு கெடையாது. பானுவைக் கேட்டதாச் சொல்லு.

சித்தன்

சேலம்
2.4.2024

மாமாவுக்கு,

நீங்க எழுதுனபடியே மூணு தண்ணி ஊத்துனேனுங்க. அப்பறம் புள்ளைக்குக் கஞ்சி கூட முழுங்க முடியல, மூக்கு வழியா வந்துருச்சு. தூக்கிட்டு இங்க ஓடியாந்தேன். அம்மையே இல்லீங்க. தோலும் தசையும் வீங்கற நோவாம். பெரியவங்களுக்கு இது வந்தா உள்ளார புத்துநோய் இருக்குதான்னு தேடுவாங்களாம். கொழந்தைங்களுக்கு அப்படி இருக்கறது நொம்ப அபூர்வமாம். நம்ம புள்ளைக்கு இருக்குதுங்க. அந்த நெறிதான். எத்தன நாளா இருக்குதுன்னு டாக்டரம்மா கேட்டாங்க. ரெண்டு மாசம்னு சொன்னேனுங்க. அப்பா எப்ப வரும்னு தெனமும் கேக்கறா. லெட்டருக்குள்ள அவ போட்டோ வெச்சிருக்கறேன். வந்துருங்க.

மேகலா

குடகு
15.4.2024

மேகலாவுக்கு,

போட்டோ பாத்தேன். கன்னம் உப்பி நல்லாத்தான தேறியிருக்கா? டாக்டருங்க பயங்காட்டத்தான் செய்வாங்க. எங்க வம்சத்துல இந்தச் சீக்கே கெடையாது, உங்க பக்கம் விசாரி. மே மாசம் சேர்வராயன் திருவிழாவுக்கு வர்றேன். அதுவரைக்கும் மருந்து கிருந்து ஏத்த விடாத.

சித்தன்

சேலம்
24.4.2024

சித்தனுக்கு,

கன்னம் உப்புனது வீக்கத்துக்குக் குடுக்கற மாத்திரையாலங்க. மருந்து ஏத்த ஆரம்பிச்சாச்சு. பொழைக்க வெச்சிரலாம்னு சொல்றாங்க, ஆனா முன்னாடியே வந்திருக்கணும்னும் சொல்றாங்க. உங்களை மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன். புருசன் எழுதிட்டாருன்னு தண்ணி ஊத்துனது இந்தக் கைதான். அதை நெனச்சா எனக்கே என்னைப் புடிக்கல. இனி உங்க பேச்சைக் கேட்டு ஒரு நாள் கூடத் தள்ளிப் போட மாட்டேன். திருவிழாவுக்கு வந்தா சாமி கும்புட்டுட்டு அப்படியே திரும்பிருங்க.

மருந்து ஏத்தறதுக்குக் கையெழுத்து வாங்கறப்ப, புள்ளைக்கு அப்பா இருக்காரான்னு நர்ஸ் கேட்டாங்க. இல்லைன்னேன். பானு முழிச்சுத்தான் படுத்திருந்தா. அதுக்கப்பறம் அப்பா எப்ப வரும்னு அவ கேக்கறதில்லீங்க.

மேகலா