பூச்சட்டிக்கு வந்த சைபர்

6 ஜூலை 2009

இன்றும் ஃபாக்டரிக்கு ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி வேன் ஆபீஸ் வாசலில் நின்றது. அம்மா ஜன்னலோரம் இருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் கேட்டுக்கொண்டபடிதான்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே, அம்மா வீட்டில் சும்மா இருப்பதாக இங்கே சொல்லி வைத்துவிட்டேன். எம்.சி.ஏ. படித்துவிட்டு ஏசி ரூமில் உட்கார்ந்திருப்பவளின் அம்மா, இதே முதலாளியின் பட்டாசு ஃபாக்டரியில் பூச்சட்டிக்கு, அதுதான் புஸ்வாணத்துக்கு, மருந்து அடைக்கிறாள் என்று தெரிந்தால் என்ன நினைப்பார்கள்? யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள். எனக்குத்தான் கூசுகிறது.

8 ஜூலை

இந்தூர் வியாபாரியின் ஆர்டர் முதல்முறையாக என் புரோகிராம் வழியாக வந்தது. ராக்கெட், மத்தாப்பு, சக்கரம் எல்லாம் திரையில் வரிசையாக வந்து உட்கார்ந்தன. பூச்சட்டி மட்டும் சைபர்.

மேனேஜர் ராஜபாண்டியன் சாருக்கு நம்பிக்கை இல்லை. போன் போட்டுக் கேட்போமா என்றார். போன் போட்டுக் கேட்பதற்கு நான் எதற்கு? “கம்ப்யூட்டர் தப்பா சொல்லாது சார்” என்றேன். என்ன ஒரு மிதப்பு எனக்கு.

13 ஜூலை

இந்தூர் ஆர்டரை நம்பியே ஓடிய பூச்சட்டி ரூமை மூடிவிட்டார்கள். அம்மா பொழுதோடு வீட்டுக்கு வந்து சோற்று வாளியைக் கழுவிக் கவிழ்த்தாள்.

“இந்தூர்க்காரருக்குப் பூச்சட்டி வேண்டாமாம்ல. சீசன்ல இப்படிச் சொன்னா நாங்க எங்கன போக?”

நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

17 ஜூலை

அம்மா அச்சங்குளம் பக்கம் ஏதோ ஒரு பட்டாசுப் பட்டறைக்குப் போகிறாள். லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டேன், சிரித்தாள். “ரூமுக்கு நாலு பேருங்கிற சட்டமெல்லாம் நம்ம கம்பெனிலதான். அங்கன ஒரே கொட்டகைல அம்புட்டுப் பேரும் இருக்கோம்.”

போகாதே என்பது வாய்வரை வந்தது. ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

22 ஜூலை

இந்தூரிலிருந்து வியாபாரியே போன் செய்துவிட்டார். அனார் லோடு இன்னும் ஏறவில்லையா என்று கேட்டாராம். அனார் என்றால் பூச்சட்டி. வடக்கே அப்படித்தான் சொல்வார்கள். பெட்டியின் மேல் இந்தியில் அதைத்தானே அச்சடித்து அனுப்புகிறோம், இந்த ஊரில் சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

அவர்கள் கம்ப்யூட்டர் அனுப்பிய ஆர்டர் ஃபைலை, அந்த ஜேசனைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு சரக்கின் பெயரும், பக்கத்தில் எத்தனை பெட்டி என்பதும் இருக்கும். அதே பெயரில் என் புரோகிராமின் க்ளாஸில் ஒரு இடம் இருந்தால் எண் அங்கே போய் விழும். இல்லையென்றால் ஒரு எச்சரிக்கைகூட வராது, அந்த இடத்தில் சைபர் நிற்கும். மற்றதெல்லாம் ஆங்கிலப் பெயர், பொருந்திவிட்டது. இது ஒன்றுக்கு மட்டும் ‘அனார்’ என்று வைத்திருந்தார்கள். நான் ‘ஃப்ளவர்பாட்’ என்று வைத்திருந்தேன். சோதனைக்கு நானே ஒரு ஆர்டர் எழுதி, நான் வைத்த பெயரிலேயே அனுப்பி, எல்லாம் சரியாக இருக்கிறதென்று குதித்தேன். சரியாக இல்லாமல் என்ன செய்யும்?

நான் வைத்த பெயரை மாற்றக்கூட வேண்டியிருக்கவில்லை. அதன் தலைக்கு மேல் ஒரே ஒரு வரி: வெளியிலிருந்து இது ‘அனார்’ என்று வரும். அவ்வளவுதான். உடனே அறுநூறு பெட்டி வந்து நின்றது.

மேனேஜரிடம், அவர்கள் பக்கம் கோளாறு, சரிசெய்துவிட்டேன் என்றேன். கெட்டிக்காரி என்றார்.

சீ.

24 ஜூலை

ரூமைத் திறந்துவிட்டார்கள். பழைய ஆட்கள் சிதறிப் போய்விட்டதால் நாரணாபுரத்திலிருந்து புது ஆட்களை வேன் வைத்துக் கூட்டிவந்தார்கள். அம்மாவின் இடத்தில் வேறு யாரோ. அம்மா விடியற்காலையிலேயே அச்சங்குளம் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

27 ஜூலை

பதினொரு மணி இருக்கும். தூரத்தில் ஒரு சத்தம். ஆபீஸில் எல்லோரும் எழுந்துவிட்டோம். அச்சங்குளம் பக்கம் என்றார் டிரைவர் கருப்பணன். ஆளாளுக்குப் போனை எடுத்தார்கள், தங்கச்சி, மாமியார், சித்தி என்று கேட்டார்கள். நான் யாரைக் கேட்பது? என் அம்மாதான் வீட்டில் சும்மா இருக்கிறாளே. மவுஸைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அம்மா, அம்மா, ஏம்மா உன்னை அங்கன போக விட்டேன்—

கழிவு மருந்தைக் கொளுத்தினார்களாம். யாருக்கும் ஒன்றுமில்லை என்று தகவல் வந்ததும் எழுந்து நேராக முதலாளி ரூமுக்குப் போனேன். சைபர் என் தப்பு, இந்தூர்க்காரர் தப்பில்லை என்றேன். அதனால் வேலை போனவர்களில் ஒருத்தி என் அம்மா என்றேன்.

முதலாளி சீனிவாசகம் அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார். தப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“நம்ம பூச்சட்டி ரூம் வள்ளித்தாயா உங்க அம்மா? ஏம்மா, இத்தன நாளா இதச் சொல்ல என்ன?”

வேலையை விட்டு அனுப்பியிருந்தால் தேவலை.

28 ஜூலை

போன ஆட்கள் அத்தனை பேரையும் திரும்பக் கூப்பிடச் சொல்லிவிட்டார் அண்ணாச்சி. புதிதாக வந்தவர்களுக்கும் பக்கத்து ரூமில் வேலை. ராஜபாண்டியன் சார் என்னோடு பேசுவதில்லை. இனி எந்த ஆர்டரையும் போனில் ஒருமுறை கேட்ட பிறகுதான் ஃபாக்டரிக்கு அனுப்ப வேண்டும்.

அந்தச் சைபர் என் தப்புதான் என்று அம்மாவிடமும் சொன்னேன். “சாப்பிட்டியா” என்று கேட்டாள்.

3 ஆகஸ்ட்

காலையில் வேன் வந்து நின்றது. அம்மா அதே ஜன்னலோரம். மேனேஜர், கருப்பணன் எல்லோரும் வாசலில் நின்றார்கள். நான் படியிறங்கிப் போய், எல்லோருக்கும் கேட்கும்படி “அம்மா” என்று கூப்பிட்டேன்.

அம்மா, பழக்கத்தில், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.