போதகர் வாசிக்காமல் விட்டது

மார்ச் 2, ஞாயிறு
ஆசீர்வாதம் சொல்லும்போது போதகரின் முகத்தைப் பார்த்துவிட்டேன். வேண்டுமென்று இல்லை. முன் பெஞ்சில் யாரோ தும்ம, தலை தானாக நிமிர்ந்துவிட்டது. இவர் வந்ததிலிருந்து புதுச் சட்டம் — அந்த நேரம் ஊழியக்காரர் முகத்தில் தேவமகிமை இறங்குமாம், பார்த்தவர் வீட்டில் சாவு விழுமாம். மோசேயின் முகம் பிரகாசித்தது, ஜனங்களால் பார்க்க முடியாததால் அவர் முக்காடு போட்டுக்கொண்டார் என்று அப்போஸ்தலரே வேதத்தில் உள்ள நிருபத்தில், சபைக்கு எழுதிய கடிதத்தில், எழுதியிருக்கிறாராம்.
பார்த்தேனே, என்ன இருந்தது? வியர்வை. மூக்குக்கண்ணாடி.
மருமகளுக்கு எட்டாம் மாதம்.

மார்ச் 3
நான் பார்த்ததை நாத்தனார் கவனித்திருக்கிறாள்; போதகரிடம் போட்டுக் கொடுத்துவிட்டாள். என் கல்யாணப் புடவையில் காப்பியைக் கொட்டிவிட்டு, "கை தவறிடுச்சு அண்ணி" என்றவள்தானே. நாற்பத்தாறு வருஷம் ஆகிறது. கறை என் கண்ணில் அப்படியே இருக்கிறது.
போதகர் வீட்டுக்கே வந்தார். "ஞாயித்துக்கிழமை சபை முன்னாடி மன்னிப்புக் கேட்டுடுங்கம்மா. பிறக்கப்போற பிள்ளைக்காகச் சொல்றேன்."

மார்ச் 5
மருமகளுக்குக் கால் வீங்கியிருக்கிறது. என்னாலயா? ஆண்டவரே, என்னை எடுத்துக்கோ. அவளை விட்டுடு.

மார்ச் 6
ரத்த அழுத்தமாம். டாக்டர் மாத்திரை கொடுத்தார்.
"மாசமா இருக்கறப்ப சிலருக்கு வர்றதுதான் அத்தை. நீங்க முழிக்கிற முழியிலதான் எனக்கு பிரஷர் ஏறுது" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 7
ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் காதில் விழுந்தது போகாது. பழைய போதகர் இதே நிருபத்தை வாசித்திருக்கிறார். முக்காட்டோடு நிறுத்த மாட்டார். மேலே ஏதோ வரும்.
வேதத்தின் பொடி எழுத்து என் கண்ணுக்குப் பிடிபடாது; மருமகளை வாசிக்கச் சொன்னேன். அந்த முக்காடு கிறிஸ்துவால் நீங்கிவிட்டதாம். எல்லாரும் முகத்தை மூடாமலே மகிமையைப் பார்க்கலாமாம்.
"போதகர்மார் எல்லாருமா?"
"நாம எல்லாரும் அத்தை."
மூன்று தடவை வாசிக்கச் சொன்னேன். ஆனாலும் அவர் படித்தவர். நான் யார்?

மார்ச் 9, ஞாயிறு
முன்னால் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது வேறு.
"ஐயா, அந்த முக்காடு வசனத்துக்கு மேலயும் கொஞ்சம் வாசிங்க."
அவர் வேதத்தை மூடினார். "உக்காருங்கம்மா."
வாசிக்கவில்லை. வாசித்திருந்தால் தேவலை. இனி அவளுக்கு ஒன்று ஆனால் ஊரே என்னைத்தான் சொல்லும். நானும்தான்.

மார்ச் 21
வீக்கம் வற்றவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஏப்ரல் 4
பெண் குழந்தை. தாயும் நலம்.
"போதகரைக் கூட்டிட்டு வரட்டுமாம்மா, ஜெபம் பண்ண?" என்றான் மகன்.
"வேண்டாம்."
அந்தச் சின்னத் தலையில் கை வைத்து நானே ஜெபித்தேன். ஆமென் சொன்னதும் மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன்.
வருகிறது.
இன்னொரு தடவையும் பார்த்தேன்.