மாஸ்டரின் கைப்பக்குவம்

மார்ச் 4, செவ்வாய்

சிறையில் இன்று ஹெபடைடிஸ் சி டெஸ்ட் தொடங்கினோம். கல்லீரலைச் சத்தமில்லாமல் அரிக்கும் கிருமி. விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், அவ்வளவுதான். ஊரையே மிரட்டிய ஆசாமிகள் ஊசியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். சிரித்துவிட்டேன். "வியாதி இருந்தாலும் பயப்படாதீங்க, மூணு மாசம் மாத்திரை சாப்பிட்டா சரியாயிடும்" என்று தொண்டை வறளச் சொன்னேன்.

மார்ச் 6, வியாழன்

சமையல்கட்டில் காய் நறுக்கும் கைதிக்கு இருக்கிறது. ஜெயிலர் உடனே அவரை அங்கிருந்து தூக்கிவிட்டார். இது ரத்தத்தில் பரவுவது சார், சோற்றில் பரவாது என்று மன்றாடினேன். "தெரியும்மா. எல்லாரும் தட்டைத் தள்ளிட்டு உக்காந்தா பதில் சொல்றது யாரு, நீயா?" என்றார். நர்ஸ் பேச்சு எந்தக் காலத்தில் எடுபட்டிருக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

சமையல்கட்டு ஆட்களுக்கு இன்று டெஸ்ட். தலைமைச் சமையல்காரரும் கைதிதான், ஆனால் எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறோம். அவர் கைப்பக்குவத்துக்கு வார்டர்களே அடிமை. அவர் நம்பர் என் மேசைக்கு வரவில்லை, வெளியிலிருந்து வந்த லேப்காரரின் மேசைக்குப் போயிற்று. "அவருக்கு இல்ல சிஸ்டர்" என்றார் லேப்காரர். அப்பாடா.

ஜூலை 19, சனி

மாஸ்டரின் கண் மஞ்சளாகத் தெரிந்தது. கேட்டால், "அடுப்புப் புகை சிஸ்டர்" என்கிறார். டெஸ்டில்தான் இல்லையே. சரி, போகட்டும் என்று வந்துவிட்டேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

மாஸ்டர் அடுப்படியில் ரத்த வாந்தி எடுத்து விழுந்தார். சட்டையைத் தூக்கினால் வயிறு பானையாக வீங்கியிருக்கிறது. இத்தனை நாள் அதை மறைத்துக்கொண்டு கிண்டியிருக்கிறார் மனுஷன். ஆஸ்பத்திரி டாக்டர், ஹெபடைடிஸ் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை, டெஸ்ட் எடுத்தாயிற்று என்று அடித்துச் சொன்னேன். அடித்துச் சொன்னேன்!

அக்டோபர் 15, புதன்

இருக்கிறது. கல்லீரல் கல்லாகிவிட்டதாம்.

எப்படி? கிட் கெட்டுப்போனதா? நேரே கைதிகள் பிளாக்குக்குப் போனேன். மாஸ்டரின் பக்கத்துப் பாயில் படுக்கும் நெட்டை சுவரைப் பார்த்து நின்று அழுதுகொண்டிருந்தான். அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது. சமையல்காரர்கள் விடியுமுன் அடுப்புக்குப் போய்விடுவார்கள். காலைக் கணக்கெடுப்பில் அவர்கள் நம்பருக்குப் பக்கத்துப் பாய்க்காரன் குரல் கொடுப்பான். இங்கே அது வழக்கம், வார்டர்களும் கண்டுகொள்வதில்லை. டெஸ்ட் அன்றைக்கும் நெட்டை அதையே செய்திருக்கிறான். லேப்காரருக்கு முகம் தெரியுமா என்ன?

"குரல் குடுக்கிற மாதிரிதான் சிஸ்டர் விரலையும் குடுத்தேன். காய் நறுக்குறவரைத் தூக்கிட்டாங்கல்ல. மாஸ்டருக்கு அடுப்புதானே உசுரு. அவரே கேட்டாரு, எப்படி மாட்டேன்னு சொல்றது?"

அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். யாரை அடிப்பது? அவனையா, ஜெயிலரையா, மஞ்சள் கண்ணைப் பார்த்தும் பேசாமல் வந்த இந்தக் கழுதையையா?

அக்டோபர் 16, வியாழன்

மாத்திரை தொடங்கியாயிற்று. "மார்ச்லயே ஆரம்பிச்சிருந்தா..." என்று இழுத்தார் டாக்டர். போதும் டாக்டர், முடிக்காதீங்க என்று எழுந்து வந்துவிட்டேன்.

நவம்பர் 8, சனி

உடல்நிலையைக் காரணம் காட்டி மாஸ்டரை வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். சாகப்போகிறவனுக்குத்தான் இவர்கள் மனசு இளகும். வண்டியில் ஏற்றும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "நெட்டையைத் திட்டாதீங்க சிஸ்டர். வீட்டுக்குப் போய் என் பொண்ணுக்கு என் கையால ஒரு வேளை சமைச்சுப் போடணும், அது போதும்."

வீட்டுக்கு வந்து சாப்பாட்டின் முன் உட்கார்ந்து அழுதேன். என் வீட்டுக்காரர், "ஜெயில்ல இருக்கிறவனுக்காகவா இந்த அழுகை?" என்றார். ஆமாம், அவனுக்காகத்தான்.

நவம்பர் 12, புதன்

மாஸ்டரின் மனைவி போன் செய்தாள். மாமியார், மாஸ்டரைப் பெற்றவரே, அவரை அடுப்படிப் பக்கம் விடவில்லையாம். தட்டு தனி, டம்ளர் தனி. "அத்தை பேச்சை மீற முடியல, நீங்க சொன்னாலாவது கேப்பாங்க" என்றாள். கொடு என்றேன்.

"அம்மா, அவர் சமைச்சதைச் சாப்பிட்டா ஒட்டாதும்மா. ரத்தம் பட்டாத்தான் ஒட்டும்."

அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு, "உங்க ஜெயில்லயே இந்த வியாதிக்காரங்களைச் சமையல்கட்டுல விட மாட்டீங்களாமே. அப்புறம் எனக்கு மட்டும் ஏம்மா சொல்றீங்க?" என்றார்.

என்ன சொல்ல? சொல்லேன், என்ன சொல்ல?

நவம்பர் 17, திங்கள்

மனைவியின் போன். நேற்று மாமியார் வெளியே போன நேரம் பார்த்து மாஸ்டரை அடுப்படியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தாளாம். கரண்டியைத் தூக்க முடியவில்லை. அவர் சொல்லச் சொல்ல இவள் கிண்டினாள், உப்பு மட்டும் அவரே போட்டார். மகள் சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றாளாம். விடிவதற்குள் அவர் உயிர் போய்விட்டது.

அத்தை ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன்.

"மிச்சம் இருந்துச்சு சிஸ்டர். காலையில அவரைக் கூடத்துல போட்டிருந்தப்போ, அத்தை உள்ளே போய்ச் சட்டியோட எடுத்து வழிச்சு வழிச்சுச் சாப்பிட்டாங்க. யாரையும் தொட விடல."