ஆறு டிகிரியில் சோதித்த பெட்டி

அன்புள்ள இங்வில்,

நானும் அம்மாவும் உடம்பளவில் நலம். என் மனம் எப்படி இருக்கிறது என்பது போகப்போகத் தெரியும். நீ காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறாய், கொசுவலையை ஒழுங்காகச் செருகிக்கொண்டுதான் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் நடுவில் புகுந்து சமாதானம் சொல்லிவிடுவாய், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். இங்கே நவம்பர் மழை பக்கவாட்டில் அடிக்கிறது, படகுக் கொட்டகையின் கூரைத் தகடு ஒன்று பறந்துவிட்டது, அம்மாவுக்கு முழங்கால் வலி, ஆனால் நடக்கிறாள்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. உன் மலாவி ஆஸ்பத்திரிக்கு, குறைமாதக் குழந்தைகளுக்காக நான் செப்பனிட்டு அனுப்பிய இன்குபேட்டர் செப்டம்பரிலிருந்தே வேலை செய்யவில்லை என்று எழுதியிருக்கிறாய். செப்டம்பர்! இரண்டு மாதமாக நான் கேட்கும்போதெல்லாம் "நல்லா ஓடுதுப்பா" என்றாய். நானும் அதை நம்பிக் கூட்டுறவுக் கடையில், பெட்ரோல் பங்கில், பல் டாக்டரிடம்கூட வாயில் பஞ்சோடு சொல்லிக்கொண்டு திரிந்தேன். நம் ஊர் மிஷன் சங்கம் அங்கே இன்னும் மூன்று பெட்டிகள் அனுப்பப்போகிறது, மூன்றையும் நானே செப்பனிடப்போகிறேன் என்று நான் எழுதிய பிறகுதான் உண்மை உன்னிடமிருந்து வந்தது.

மத்தியானம் வார்டில் முப்பத்தெட்டு டிகிரி என்கிறாய். அந்தப் பெட்டிக்குச் சூடாக்க மட்டும்தான் தெரியும், குளிரவைக்கத் தெரியாது. சுற்றியுள்ள காற்றே சூடாக இருந்தால் அது அலறத்தான் செய்யும். எனக்குத் தெரியாத பௌதிகமா? இருபத்தெட்டு வருடம் ஆஸ்பத்திரிக் கருவிகளோடு குப்பை கொட்டியவன். மார்ச்சில் நம் கராஜில், ஆறு டிகிரிக் குளிரில், மூன்று நாள் ஓடவிட்டேன். உள்ளே முப்பத்தாறு டிகிரி, துளியும் அசையவில்லை. அது போதாதென்று கதவைத் திறந்துவைத்துவேறு சோதித்தேன். குளிர்தான் எதிரி என்று பிறந்ததிலிருந்து பழகிய புத்திக்கு வெயிலும் ஓர் எதிரி என்று தோன்றவே இல்லை. உன்னோடு வேலை பார்க்கும் நர்ஸ் தாண்டிவே, "ஏம்மா, உங்கப்பா இதை ஐஸ் பெட்டிக்குள்ள வச்சா சோதிச்சாரு?" என்று கேட்டாளாமே. சரியாகத்தான் கேட்டிருக்கிறாள். உள்ளே இருந்த குழந்தையை எடுத்துத் தாயின் நெஞ்சோடு துணியால் கட்டிவிட்டோம், பிழைத்துக்கொண்டது, பெட்டியில் இப்போது கையுறையும் பஞ்சும் வைத்திருக்கிறோம் என்கிறாய். குழந்தை பிழைத்ததை முதல் வரியிலேயே எழுதியிருக்கலாம். மூன்றாம் பக்கம் வரும்வரை நின்றபடியே படித்தேன்.

அதோடு விட்டாயா? மூன்று பெட்டிகளையும் நிறுத்துங்கள், பதிலுக்குத் தாண்டிவேக்குத் துணையாக ஒரு நர்ஸை வைக்க ஒரு வருடச் சம்பளம் கேளுங்கள், சங்கக் கூட்டத்தில் நீங்கள் எழுந்து சொன்னால்தான் நம்புவார்கள் என்றாய். சங்கத் தலைவர் யார்? உன் ஓட்வார் மாமா. ஒன்பது வருடத்துக்கு முன் நகராட்சி ஓட்டெடுப்பில் கை தூக்கி நம் ஊர்ப் பிரசவ வார்டை மூடவைத்த மனிதர். இன்று பெண்கள் வலியோடு படகேறி இரண்டு மணி நேரம் போகிறார்கள். அந்த வார்டிலிருந்து தூக்கி எறிந்த பெட்டிதான் நான் செப்பனிட்டது. அன்றிலிருந்து அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. கிறிஸ்துமஸ் விருந்தில் உருளைக்கிழங்கைக்கூட அம்மா வழியாகத்தான் கேட்பேன். அந்த ஆள் முன்னால் என் தப்பை நானே சொல்ல வேண்டும்.

வியாழக்கிழமை பிரார்த்தனைக் கூடத்தில் சங்கத்துக்குப் பணம் திரட்டும் பஸார். சுவரில் என் பெட்டியின் படம், கதவளவுக்கு. அம்மா விற்பனைக்கு வாஃபிள் அப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள், என் பக்கம் திரும்பவே இல்லை. மூன்று பெட்டிகளுக்குச் சம்மதமானவர்கள் கை தூக்குங்கள் என்று ஓட்வார் சொன்னபோது எழுந்தேன். வேண்டாம், முதல் பெட்டியே ஓடவில்லை, தப்பு என்னுடையது, கராஜ் குளிரில் சோதித்தேன் என்றேன். நர்ஸ் விஷயத்தையும் சொன்னேன். ஓட்வார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "என்ன மச்சான், ஆப்பிரிக்காவுல வெயில் அடிக்கும்னு உங்க இன்ஜினியர் காலேஜ்ல சொல்லித்தரலையா?" என்றார். கூடமே சிரித்தது. அடுத்த வீட்டு போர்கில் மட்டும் பின்னலை மடியில் போட்டுவிட்டு, "சிரிச்சது போதும்ப்பா. போன வருஷம் அங்க அனுப்ப நாப்பது ஜோடி கம்பளிக் காலுறை பின்னினது நான். பார்சல்ல கையெழுத்துப் போட்டது ஓட்வாரு. அப்ப எவனுக்கும் சிரிப்பு வரலையே?" என்றாள். அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள், ஓட்வாரைத் தவிர.

பெட்டிகள் நின்றன, நர்ஸ் சம்பளம் தீர்மானமாகிவிட்டது. ஆனால் 'தொழில்நுட்பத் தவறு காரணமாக' என்று என் பெயரோடு குறிப்பேட்டில் எழுதவைத்தார் அந்த மனிதர். பிறகு ஒரு வாஃபிள் தட்டை என் முன் வைத்து "சாப்பிடு மச்சான்" என்றார். சாப்பிட்டேன். பசித்தது, அவ்வளவுதான். அம்மா அதைப் பெரிதாக்கி எழுதினால் நம்பாதே.

இப்போது என் கோபம் உன்மேல்தான். நோயாளியிடம் பேசுவதுபோல என்னிடம் பேசினாய். அப்பா மனம் உடைந்துவிடுவார் என்று நீ மறைத்த இரண்டு மாதத்தில், விஷயம் தெரியாமல் அதே போல இன்னும் மூன்று பெட்டிகள் கப்பலேறியிருக்கும். கருவி கெட்டால் அன்றே சொல்ல வேண்டும். உன் சைக்கிள் பிரேக் அறுந்தபோதே இதைச் சொல்லியிருக்கிறேன்.

தண்ணீரைக் காய்ச்சிக் குடி. தொடர்ந்து இரண்டு ஷிப்ட் பார்க்காதே. நீ நம்பும் கடவுள் உன்னையும் அந்தத் தாயையும் குழந்தையையும் நன்றாக வைத்திருக்கட்டும். தாண்டிவேயிடம் அவள் கேட்டது சரி என்று நான் சொன்னதாகச் சொல். மறந்துவிடாதே: காலை ஆறு, மத்தியானம் இரண்டு, இரவு ஒன்பது, மூன்று வேளையும் வார்டின் வெப்பத்தை ஒரு வாரம் குறித்து அனுப்பு. அந்தப் பெட்டியை எத்தனை டிகிரிவரை ஓட்டலாம், எதற்குமேல் தொடவே கூடாது என்று கணக்கிட்டு எழுதித் தருகிறேன், அதன்மேல் ஒட்டிவையுங்கள். இங்கே கராஜில் அதே ரகத்தில் இன்னொன்று கிடக்கிறது, அதை வைத்துச் சோதிப்பேன். இந்த ஊரில் நவம்பர் மாதம் முப்பத்தெட்டு டிகிரி கிடைக்கிற ஒரே இடம் ஓட்வார் வீட்டு சானா, வியர்க்க உட்காரும் அந்தச் சூட்டறை. சாவி கேட்டிருக்கிறேன், அம்மா வழியாக.

கோபம் தீராத உன் அப்பா,
சிக்பியோர்ன்