மேல் வீட்டு வெயில்

நவம்பர் 9, ஞாயிறு

காலையில் பனி. விஜயநகர் முழுக்க ஸ்வெட்டர்.

தோட்டம் என்று நாங்கள் அழைக்கும் சிமென்ட் தரையின் நிலவரம்: பெயின்ட் வாளிகளில் தக்காளி. எண்ணெய் டின்னில் புதினா. பழைய வாஷிங் மெஷின் டிரம்மில் அவரை. டிரம்மில் ஓட்டை ஏற்கெனவே உண்டு, நீர் தேங்காது. இந்த வீட்டில் ஓய்வுக்குப் பின் வேலை கிடைத்தது அதற்கு மட்டும்.

எதிர்க் கட்டடத்தால் கீழே வெயில் இல்லை. அவரை கயிறு பிடித்து மேலே போய், வீட்டுக்காரம்மாவின் ஹால் ஜன்னலில் குடியேறிப் பூத்திருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தில் இதைப் பற்றி ஒன்றும் இல்லை.

நவம்பர் 11, செவ்வாய்

வீட்டுக்காரம்மா (இனி வீ. அம்மா) இறங்கி வந்தார். அவர் எங்களிடம் தமிழ், நாங்கள் அவரிடம் கன்னடம். இரு தரப்பும் மரியாதைக்காக. மகள் ரம்யாவைப் பெண் பார்க்க ஞாயிறன்று ஹாசனிலிருந்து வருகிறார்களாம். ஜன்னலுக்குப் பெயின்ட் அடிக்க வேண்டுமாம். சனிக்குள் கொடியை எடுத்துவிட வேண்டும். எறும்பு வருவதாகவும் புகார். எறும்பு உண்மை.

என் மனைவி சரசு, அவர் போகும்வரை சிரித்த முகம். கதவைச் சாத்தியதும்: "இப்பத்தானுங்க பிஞ்சு புடிச்சிருக்குது. முத்துனா பிதுக்கம்பருப்புக் கொழம்பு வெக்கலாம்னு இருந்தேன். கடைக் காய வாங்கறதுக்கா இத்தன நாளாத் தண்ணி ஊத்துனேன்?"

(ஊறவைத்த கொட்டையை ஒவ்வொன்றாகத் தோல் பிதுக்க வேண்டும். குழம்பு சரசுவுடையது. பிதுக்குவது நான்.)

எனக்கொன்றும் அக்கறையில்லை என்றேன். பிறகு பலமுறை வெளியே போய் மேலே பார்த்தேன்.

நவம்பர் 13, வியாழன்

கொடியைப் பிரித்துக் கீழே இறக்க முயற்சி. ஒரு கிளை முறிந்தது. அதிலிருந்த பிஞ்சுகளைச் சரசு எண்ணினாள்.

மாடிக்குப் போய் என் சிறந்த கன்னடத்தில் மனு. வெட்டினால் மறுபடி வளரும் என்றார் வீ. அம்மா. முடியைப் பொறுத்தவரை அது சரி.

வாங்க: வேப்பெண்ணெய், கடுகு, குளியலறை பல்பு.

நவம்பர் 15, சனி

பெயின்ட்டர் வரவில்லை. கொள்ளேகாலில் மச்சினன் கல்யாணமாம். வீ. அம்மா ஜன்னலை உற்றுப் பார்த்தார். இலைக்குப் பின்னால் கம்பியெல்லாம் துரு. துருவை விட இலை மேல் என்று முடிவு. திங்கள்வரை தவணை.

நவம்பர் 16, ஞாயிறு

வந்தார்கள். கேசரி வாசனை கீழே வரை. நாங்கள் ஒட்டுக் கேட்கவில்லை. ஜன்னலுக்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம்.

பையனின் அம்மா ஜன்னலருகே வந்து, அவரையை யார் வைத்தது என்றார். எங்கள் ரம்யாதான், தினமும் ஆபீஸ் போகும் முன் அவள்தான் தண்ணீர் ஊற்றுவாள் என்றார் வீ. அம்மா. கன்னடத்தில். எந்த மொழியிலும் அது பொய். ஊரில் இந்தப் பொறுமை யாருக்கு இருக்கிறது என்று அந்த அம்மா மெச்சினார். காய் முற்றியதும் கொஞ்சம் அனுப்பச் சொன்னார்.

நான் எழுந்தேன். சரசு சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"பேரு அவங்களுக்கே இருக்கட்டும் விடுங்க. இனி வெட்ட மாட்டாங்கல்ல."

நவம்பர் 18, செவ்வாய்

தூறல். ஹாசனிலிருந்து சம்மதம். பெயின்ட்டர் நேற்றே வந்து எல்லா ஜன்னலுக்கும் நீலம் அடித்துவிட்டார், ஒன்றைத் தவிர.

மாலை ரம்யா வந்தாள். கையில் போன். குரல் தாழ்ந்து: "அங்கிள், என்ன உரம் போட்றேன்னு அவரு கேக்றாரு. ஸ்வல்ப சொல்லுங்க."

நான் வாயைத் திறக்குமுன் சரசு: "காலைல வா கண்ணு. பொய் சொல்றதுக்கும் ரெண்டு நாளாவது தண்ணி ஊத்தியிருக்கோணும்."

நவம்பர் 19, புதன்

வந்தாள். அரைத் தூக்கம். குவளையில் தண்ணீர் எடுத்து, வெகு கவனமாக, சிந்தாமல் ஊற்றினாள். தக்காளிக்கு.

சரசு குவளையை மறுபடி நிரப்பிக் கொடுத்தாள். தக்காளிக்கும் தண்ணீர் வேண்டியிருந்தது.