வியாழக்கிழமைப் பதிவு

மார்ச் 6, வியாழன்

இன்றும் காலை பத்து மணிக்கு முன்பதிவுத் தளம் உறைந்து நின்றது. நான்கு நிமிடம். அந்த நேரத்தில் உள்ளே என்ன ஓடியது என்பதை இந்த முறை பதிந்துவிட்டேன். பதிவில் இருப்பவை வெறும் எண்கள். எந்த எண் எந்த நிரல்துண்டு என்ற பெயர் கிடையாது. திணறுகிற இயந்திரத்துக்கு அந்தச் சுமையும் எதற்கு? பெயர்களைப் பிறகு கட்டளை வரியில் ஒரு கருவியை ஓட்டிச் சேர்த்துக்கொள்ளலாம். எப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

பக்கத்து மேசை அக்கா எட்டிப் பார்த்தார். "என்னடி, வெறும் நம்பரை வெச்சு ஜோசியம் பாக்கறியா?"

மார்ச் 8, சனி

தளத்துக்குப் புதிய பதிப்பு ஏற்றினார்களாம். நான் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 10, திங்கள்

கருவியை ஓட்டினேன். ஒரு வரிக் கட்டளைதான். வியாழக்கிழமைப் பதிவை எடுத்துக்கொண்டு, நிரல் கோப்பின் அடையாளத்தைச் சேர்த்து, அந்தக் கோப்பில் பெயர்களைத் தேடித் திருப்பித் தந்தது. எண்களெல்லாம் பெயர்களாயின. அறுபத்தோரு சதவீத நேரம் ஒரே துண்டில் போயிருக்கிறது. அக்கா எழுதியது.

மேலாளருக்கு அனுப்புமுன் அக்காவிடமே காட்டினேன். திரையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். "நல்லாத்தான் எழுதினேன்னு நெனச்சேன். நீ பாத்து சொன்னா சரியாத்தான் இருக்கும். அனுப்புடி."

மார்ச் 14, வெள்ளி

அக்காவைப் போகச் சொல்லிவிட்டார்கள். ஆள் குறைக்கும் பட்டியல் முன்பே தயாராம். பெயர் எழுதும் இடம்தான் காலியாக இருந்திருக்கிறது. என் அறிக்கை அதை நிரப்பியது.

பதினோரு வருடம் பக்கத்தில் பக்கத்தில். போகும்போது தன் கால்பலகையை என் மேசைக்கடியில் தள்ளினார். "உனக்குத்தான் கால் எட்டாது." பிறகு, லிஃப்ட் வரும்வரை காத்திருந்தபோது, "மூளை மழுங்கிடுச்சு போல. எனக்கே தெரியல பாரு."

மார்ச் 19, புதன்

அறிக்கையை மறுபடி புரட்டினேன். ஏனென்று தெரியவில்லை. அடியில், அரை சதவீதத்தில் ஒரு பெயர். அந்தத் துண்டு சனிக்கிழமைப் பதிப்பில்தான் முதன்முதலாக வந்தது. வியாழக்கிழமைப் பதிவில் சனிக்கிழமை பிறந்த பிள்ளை எப்படி —



கருவி பொய் சொல்லவில்லை. நான் ஓட்டிய நேரத்தில் அந்த இடத்தில் எந்தக் கோப்பு இருந்ததோ, அதன் அடையாளத்தை எழுதியது. கோப்போ சனிக்கிழமையே மாறிவிட்டது. துண்டுகள் இடம் மாறிப் பழைய எண்களுக்குப் புதிய பெயர்கள். தேதியைப் பாக்க வேண்டியவ நான்தானே. பாக்கலையே. ஒரு நிமிஷம் பாத்திருந்தா போதுமே.

மார்ச் 21, வெள்ளி

பழைய பதிப்பைச் சேமிப்பிலிருந்து தேடி எடுத்து, அதை வைத்துக் கருவியை ஓட்டினேன். அந்த அறுபத்தோரு சதவீதம் இப்போது வரிசைப்படுத்தும் துண்டில் வந்து நின்றது. ஆறு வருடம் முன்பு எழுதியது.

எழுதியவள் நான்.

மார்ச் 24, திங்கள்

மேலாளரிடம் சொன்னேன். கதவைச் சாத்தினார். "அவங்க போயாச்சு. இப்ப உங்களையும் அனுப்பிட்டு நான் யாரோட மாரடிக்கறது? சத்தமில்லாம சரி பண்ணிடுங்க."

"அவங்களத் திரும்பக் கூப்பிட்டா?"

"அந்த இடமே இப்ப இல்லம்மா."

மார்ச் 26, புதன்

சரி செய்தேன். பன்னிரண்டு வரி.

ஏப்ரல் 2, புதன்

மத்தியானம் அரை நாள் விடுப்பு போட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். ஒன்றுவிடாமல் சொன்னேன். கத்தி நிற்கவில்லை.

"அப்ப நான் எழுதினது சரியா?"

"சரிதான்க்கா."

"ஒரு எடத்துல வேலைக்குக் கூப்பிட்டாங்க. இனிமே என்னால முடியாதுன்னு முந்தாநாள்தான் சொன்னேன்." கத்தி அப்போதுதான் நின்றது. "இன்னொருத்தர சேத்துட்டாங்களாம்."

 

நறுக்கியதையெல்லாம் கிண்ணத்தில் தள்ளிவிட்டு எழுந்தார். "நீங்க கெளம்புங்க. பஸ் போயிடும்."

பதினோரு வருடத்தில் என்னை 'நீங்க' என்றது இதுதான் முதல்முறை.

ஏப்ரல் 4, வெள்ளி

பத்து மணி தாண்டியது. தளம் உறையவில்லை. ஒரு வாரத்துக்கு மேலாகவே உறையவில்லை. பின்வரிசையில் ஒரு குரல்: "பாத்தீங்களா, அந்தம்மா போனதும் எப்படிப் பறக்குதுன்னு." சிரித்தார்கள்.

நான் எழுந்து நின்றேன். எல்லோரும் திரும்பினார்கள். கண்ணாடி அறைக்குள்ளிருந்து மேலாளரும் பார்த்தார்.

உட்கார்ந்துவிட்டேன். கால் பலகையில் எட்டியது.