மாமா பாடினா தடுக்காதீங்க

என்னங்க,

ராத்திரி வேலை முடிஞ்சு வந்து அசந்து தூங்கறீங்க, அதான் எழுப்பல. சிலுவைப் பாதைக்குக் கோயிலுக்குப் போறேன். உங்க அப்பாவுக்குக் கஞ்சி அடுப்பு மேல இருக்கு. ஆறவச்சு நீங்களே ஊட்டுங்க. அவர் கையில கொடுத்தா சட்டைதான் சாப்பிடும்.

தவக்காலம் தொடங்கின சாம்பல் புதன்லேருந்து உங்ககிட்ட நான் சரியாப் பேசல. தினமும் வெளியில பூட்டிட்டுப் போறீங்க. அவர் வழி தெரியாம எங்கேயாவது போயிடுவார்னுதான், ஒத்துக்கறேன். ஆனா உள்ளே நானும் இருக்கேனே. எனக்குத் தனியா தவக்காலம் எதுக்குன்னு ஆண்டவர்கிட்டயே சண்டை போட்டு, ஜெபத்தையும் விட்டுட்டேன்.

நேத்து குளிப்பாட்டும்போது மாமா திடீர்னு அல்லேலூயா பாடினார். என் பேரை மறந்தவருக்கு ராகம் மறக்கல.

"மாமா, தவக்காலத்துல அதைப் பாடக் கூடாது"ன்னேன்.

"ஏம்மா, ஆண்டவர்தான் உயிர்த்துட்டாரே. உனக்கு யாரும் சொல்லலையா?"ன்னு கேட்டார்.

சோப்புக் கையோட நானும் சேர்ந்து பாடிட்டேன். அப்புறம் எனக்கு ஜெபம் தானா வந்துச்சு.

இன்னிக்கும் பாடுவார். தடுக்காதீங்க.

இன்னொண்ணு: வெளியில பூட்டிட்டுப் போறேன், சாவி என் பையில இருக்கு. உங்களுக்கு ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு வச்சிருக்கேன்.